கார்பனாராவுக்கு கிரீம் ஊற்றிய கைகள்: இத்தாலியை ஊர் ஊராக உண்டறிதல்

சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர்களில் எத்தனையோ பேர் இங்கு வந்த முதல் வருடங்களில் இத்தாலிய உணவகங்களின் பின்கதவால் உள்ளே போனவர்கள்தான். கோப்பை கழுவித் தொடங்கி, சலாட் வெட்டி, பிறகு பீட்சா அடுப்பின் முன்னால் நின்று, கடைசியில் சமையலறையையே பொறுப்பெடுத்தவர்கள் பலர். பிள்ளைகளின் படிப்பும், ஊருக்கு அனுப்பிய காசும், வாங்கிய வீடும் அந்த அடுப்புச் சூட்டில் வந்தவை. ஆனால் நாம் செய்து கொடுத்த அந்த உணவு எந்த ஊரிலிருந்து வந்தது, யார் அதைச் சாப்பிட்டார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று நம்மில் பலர் கேட்டதில்லை. கேட்க நேரமும் இருக்கவில்லை.

சூரிச்சில் ஏறினால், 57 கிலோமீற்றர் நீளமான கொத்தார்ட் சுரங்கப்பாதையைக் கடந்து, மூன்றரை மணித்தியாலத்துக்குள் மிலான் வந்துவிடும். அப்படியிருந்தும் இத்தாலிக்குப் போகும் எமது குடும்பங்கள் பல, பீசா கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம், வெனிஸில் ஒரு படகுப் படம், மத்தியானத்துக்குப் பையில் கட்டிக்கொண்டு போன புளிச்சாதம் என்று திரும்பி வந்துவிடுகின்றன. புளிச்சாதத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நாட்டின் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்தால் அந்த நாட்டின் பாதியைப் பார்க்காமல் வந்ததாகவே அர்த்தம். அடுத்த விடுமுறைக்கு இத்தாலி போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நாம் சில பயணங்களில் உண்டும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஒரு நாடு, இருபது அடுப்புகள்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். "இத்தாலியச் சமையல்" என்று நாம் சொல்வது இத்தாலியில் ஒரே பொருளாக இல்லை. இத்தாலி ஒரே நாடாக ஆனது 1861இல்தான். அதற்கு முன் அது பல அரசுகளாகவும் குறுநிலங்களாகவும் பிரிந்து கிடந்தது. ஓர் ஊர்க்காரரின் பேச்சு இன்னோர் ஊர்க்காரருக்கு விளங்காது. சாப்பாடும் அப்படித்தான். இன்றைக்கு 20 பிராந்தியங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் தனி அடுப்பு.

இந்தப் பல அடுப்புகளை ஒரு புத்தகத்துக்குள் கொண்டுவந்தவர் பெல்லெகிரீனோ ஆர்துசி. புளோரன்சில் வாழ்ந்த வணிகர். 1891இல், 70 வயதை அண்டிய நிலையில், பதிப்பாளர் கிடைக்காமல் தன் சொந்தச் செலவில் ஒரு சமையல் நூலை அச்சிட்டார். முதற் பதிப்பில் 475 குறிப்புகள். வீட்டுப் பெண்கள் பல ஊர்களிலிருந்தும் கடிதம் எழுதி அனுப்பியவற்றையும் சேர்த்து, அவர் இறந்த 1911இல் வெளியான பதிப்பில் அது 790 ஆகியிருந்தது. ஒரு நாட்டு மக்களுக்குப் பொதுவான சமையல் மொழியை உண்டாக்கிய நூல் என்று இன்றும் அதைப் போற்றுகிறார்கள்.

எனவே பயணியாகப் போகும்போது முதல் விதி: எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊரின் சாப்பாட்டைக் கேளுங்கள். வெனிஸில் நின்றுகொண்டு நாப்போலி பீட்சா கேட்பது, யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டு செட்டிநாட்டுக் கோழி கேட்பது போன்றது. கிடைக்கும், ஆனால் அது அந்த ஊரின் கைப்பக்குவம் அல்ல.

வடக்கு: நெல் வயலும் சோளக் களியும்

மிலானிலிருந்து தொரீனோ நோக்கி ரயிலில் போனால், வசந்தகாலம் முடியும் நேரத்தில் யன்னலுக்கு வெளியே தண்ணீர் நிறைந்த வயல்கள் தெரியும். நெல் வயல்கள்தான். வெர்ச்செல்லி, நோவாரா, பவீயா ஆகிய மாவட்டங்கள் இத்தாலியின் நெற்களஞ்சியம். ஐரோப்பாவில் ஆகக் கூடுதலாக அரிசி விளைவிக்கும் நாடும் இத்தாலிதான். கடைகளில் நாம் காணும் ஆர்போரியோ அரிசியின் பெயர், வெர்ச்செல்லி மாவட்டத்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர்.

இந்த வயல்களில் முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து நின்று களை பிடுங்கியவர்கள் "மொந்தீனே" என்று அழைக்கப்பட்ட ஏழைப் பெண்கள். பருவத்துக்குப் பருவம் தூர ஊர்களிலிருந்து வந்து, கொட்டில்களில் தங்கி, பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தார்கள். கூலியில் ஒரு பங்கு அரிசியாகவே கிடைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்டு மணிநேர வேலைக்காகப் போராடி வென்றவர்கள் இவர்கள். 1949இல் வந்த "ரீசோ அமாரோ" என்ற படம் இவர்களின் வாழ்வைக் களமாகக் கொண்டது. நாற்று நடுகையும் களைபிடுங்கலும் பார்த்து வளர்ந்த எமக்கு இந்தக் கதை அந்நியமானது அல்ல.

மிலானின் சாப்பாடு இந்த அரிசியில் செய்யும் ரிசோத்தோ. குங்குமப்பூ போட்டு மஞ்சளாக இருக்கும். இங்கே எமது பழக்கத்துக்கு நேர்மாறான ஒரு விடயம் உண்டு: ரிசோத்தோ அரிசியைக் கழுவக் கூடாது. மேலே ஒட்டியிருக்கும் மாச்சத்துத்தான் குழம்புபோன்ற பதத்தைத் தருகிறது. வெண்ணெயில் அரிசியை வறுத்து, சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிண்டி, கடைசியில் அடுப்பை நிறுத்தி வெண்ணெயும் சீஸும் போட்டுக் கலக்குவார்கள். உதிரியாக வரவேண்டிய பாஸ்மதியில் இது சரிவராததும் இதனால்தான்.

மலையடிவாரங்களில் அரிசிக்குப் பதிலாகப் பொலெந்தா. சோள மாவில் கிண்டும் களி. இன்றைக்கு உணவகங்களில் அழகாக வெட்டிச் சுட்டுத் தருகிறார்கள். ஆனால் 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வெனேத்தோ, லொம்பார்தியா ஏழைக் குடியானவர்களுக்கு இதைத் தவிர வேறு சாப்பாடே இருக்கவில்லை. சோளத்தை மட்டுமே உண்டதால் உடலுக்கு நியாசின் என்ற சத்துக் கிடைக்காமல் "பெல்லாக்ரா" நோய் பரவியது. தோல் வெடித்து, மனநிலை குழம்பி, பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அமெரிக்கப் பழங்குடி மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைத்ததால் அவர்களுக்கு இந்த நோய் வரவில்லை. சோளம் கடல் கடந்து வந்தது. அதைச் சமைக்கும் அறிவு கூட வரவில்லை.

லிகூரியாக் கரையில் உள்ள ஜெனோவாவில் இறங்கினால் "ஃபரினாத்தா" கேளுங்கள். கடலை மா, தண்ணீர், ஒலிவ் எண்ணெய், உப்பு. இவ்வளவுதான். கரைத்து வைத்து, அகன்ற செம்புத் தட்டில் ஊற்றி, விறகு அடுப்பில் சுடுவார்கள். எம்முடன் வந்த ஒரு அம்மா வாயில் வைத்ததும் "இது எங்கடை கடலைமாத் தோசையெல்லோ" என்றார். அந்தப் பயணத்தில் அவர் மனம் நிறைந்து சாப்பிட்டது அன்றுதான்.

எமிலியா ரோமாஞா: காலம் செய்யும் சமையல்

பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதெனா, பொலோஞா. இந்தச் சமவெளியில் பொறுமைதான் முக்கியமான சரக்கு. பார்மிஜானோ ரெஜானோ சீஸ் இந்தப் பகுதியிலும் அண்டிய மந்தோவாவின் ஒரு பகுதியிலும் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம். முதல்நாள் மாலைப் பாலின் ஆடையை எடுத்துவிட்டு, மறுநாள் காலைப் பாலுடன் கலந்து, செம்பு அண்டாவில் காய்ச்சுகிறார்கள். சுமார் 550 லீற்றர் பாலுக்கு ஒரு சக்கரம். எடை ஏறத்தாழ 40 கிலோ. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். அதன் பிறகு ஒரு பரிசோதகர் வந்து சிறிய சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டே உள்ளே வெடிப்பு உண்டா என்று சொல்வார். தேறினால்தான் முத்திரை.

இந்த மாட்டுத் தொழுவங்களில் இன்று பெருந்தொகையாக வேலை செய்பவர்கள் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். இளைய தலைமுறை இத்தாலியர்கள் விட்டுப்போன விடிகாலைப் பால்கறவையை இவர்கள் ஏற்றார்கள். ரெஜ்ஜோ எமிலியா மாவட்டத்தில் நொவெல்லாரா என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவர்களின் பெரிய குருத்வாரா இருக்கிறது. உலகம் போற்றும் இத்தாலிய சீஸின் பின்னால் புலம்பெயர்ந்த கைகள் இருப்பதை எம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

மொதெனாவின் மரபுவழி பல்சாமிக் வேறொரு உலகம். திராட்சைச் சாற்றைக் காய்ச்சி வற்றவைத்து, வெவ்வேறு மரங்களில் செய்த பீப்பாய்களில் மாற்றி மாற்றிக் குறைந்தது 12 ஆண்டுகள் வைக்கிறார்கள். 25 ஆண்டு வைத்ததற்குத் தனிப்பெயர். 100 மில்லிலீற்றர் போத்தலில்தான் விற்பார்கள். கடையில் சில யூரோவுக்கு நாம் வாங்கும் பல்சாமிக் வினாகிரிக்கும் இதற்கும் பெயரில்தான் உறவு.

பொலோஞாவில் "ஸ்பகெத்தி பொலொஞேசே" கேட்டுப் பரிசாரகரைச் சங்கடப்படுத்தாதீர்கள். அங்கே இறைச்சிச் சோஸ் தாலியாத்தெல்லே என்ற முட்டை சேர்த்த பட்டைப் பாஸ்தாவுடன்தான் வரும். அந்தச் சோஸின் செய்முறையை 1982இல் இத்தாலியச் சமையற் கழகம் பொலோஞா வர்த்தக சபையில் பதிவு செய்து வைத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே தாலியாத்தெல்லேயின் அகலமும் பதிவாகிவிட்டது: அவித்தபின் 8 மில்லிமீற்றர். வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் தன் ஊர்ச் சாப்பாட்டை எழுதி வைக்காதவன் அதை மற்றவன் எழுதும்போது வாய்பேச முடியாது.

நடுநாடு: பழைய பாணும் ஐந்தாம் கால் பங்கும்

தொஸ்கானாவில் பாணைக் கடித்ததும் உப்புப் போட மறந்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். மறக்கவில்லை, அங்கே பாணுக்கு உப்பே போடுவதில்லை. உப்பான இறைச்சி, சீஸுடன் சேர்த்துத் தின்னும்போது கணக்குச் சரியாகிவிடும். காய்ந்த பாணை அவர்கள் எறிவதில்லை. அவரை வகை விதைகள், கறுப்புக் கோவா இலை, மரக்கறிகளுடன் அவித்து, மறுநாள் மீண்டும் சூடாக்கினால் "ரிபொல்லீத்தா". "மறுபடி கொதித்தது" என்று பொருள். முதல்நாளை விட மறுநாள் ருசி கூடும் என்பதை, பழங்கறிச் சட்டியைத் தேடிப் போகும் எமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரோமில் தெஸ்தாச்சோ என்ற பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திறந்து 1975 வரை இயங்கிய பெரிய இறைச்சித் தொட்டி இருந்தது. நல்ல இறைச்சி பணக்காரருக்குப் போக, தொழிலாளருக்குக் குடல், வால், ஈரல் கிடைத்தன. நான்கு கால் பங்குக்கும் மேலே எஞ்சியது என்பதால் அதற்கு "ஐந்தாம் கால் பங்கு" என்று பெயர். அந்த ஏழைச் சாப்பாடுதான் இன்று ரோமின் பெருமை. குடல் கறியை விரும்புபவர்கள் தயங்காமல் கேட்கலாம்.

கார்பனாராவும் ரோமின் பண்டமே. பன்றியின் கன்ன இறைச்சி, முட்டை மஞ்சட்கரு, பெக்கொரீனோ என்ற ஆட்டுப்பால் சீஸ், மிளகு. கிரீம் இல்லை. இருபது வருடமாக வாளி வாளியாகக் கிரீம் ஊற்றிக் கார்பனாரா செய்த எம் நண்பர் ஒருவர் ரோமில் அதை உண்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாங்கள் பிழையாகச் செய்யவில்லை, முதலாளி சொன்னபடி செய்தோம்" என்றார். அதுவும் உண்மைதான்.

தெற்கு: எமக்குக் கிட்டிய நாக்கு

நாப்போலியில் பீட்சா 60 முதல் 90 விநாடிக்குள் வெந்துவிடும். விறகு அடுப்பின் சூடு அப்படி. நாப்போலிப் பீட்சாக் கலைஞர்களின் கலையை யுனெஸ்கோ 2017இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அங்கே மார்கெரீத்தாவுக்கு முன்பே இருந்தது மரினாரா: தக்காளி, உள்ளி, ஒரேகானோ, எண்ணெய். சீஸ் கிடையாது. முழுச் சைவம்.

புலியாவில் பாரி நகரின் பழைய தெருக்களில், வீட்டு வாசலில் மேசை போட்டு அமர்ந்து, பெண்கள் "ஒரேக்கியெத்தே" என்ற காது வடிவப் பாஸ்தாவைப் பெருவிரலால் அழுத்திச் செய்வதைப் பார்க்கலாம். தெற்கில் பாஸ்தா பெரும்பாலும் கடுங்கோதுமை ரவை மாவும் தண்ணீரும் மட்டும். வடக்குப்போல் முட்டை சேராது. காய்ந்த பாகாலா அவரையை அவித்துக் கடைந்து, கசப்புக் கீரையுடன் ஒலிவ் எண்ணெய் விட்டுத் தரும் "ஃபாவே எ சிக்கோரியா" எமது பருப்பும் கீரையும் மாதிரியே இருக்கும்.

கலாப்ரியாவில்தான் மிளகாய்க்கு மரியாதை. தியமாந்தே என்ற கடற்கரை ஊரில் செப்ரெம்பரில் மிளகாய்த் திருவிழாவே நடக்கிறது. "என்துயா" என்பது பாணில் பூசும் உறைப்பான பன்றி இறைச்சி. மிளகாய் எமக்கும் அவர்களுக்கும் சொந்தமில்லை. கொலம்பஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து இரு பக்கமும் வந்தது. ஆனால் இரண்டு பேருமே அது இல்லாமல் முன்பு எப்படிச் சாப்பிட்டோம் என்பதை மறந்துவிட்டோம்.

சிசிலி 9ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை அரபு ஆட்சியில் இருந்தது. கரும்பு, தோடை வகைகள் அப்போது வேரூன்றின. கத்தரிக்காயைப் பொரித்து, புளிப்பும் இனிப்புமாகச் செய்யும் "கப்பொனாத்தா"வை உண்டால் எமது கத்தரிக்காய் மோஜு நினைவுக்கு வரும். பலெர்மோச் சந்தையில் கடலை மாவைக் கிண்டி ஆறவைத்து வெட்டிப் பொரித்த "பனெல்லே"யைப் பணிசுக்குள் வைத்துத் தருவார்கள்.

பலெர்மோவில் எம்மவர்களும் வாழ்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. வீட்டு வேலை, கடை வேலை என்று பல பத்தாண்டுகளாக அங்கே வேரூன்றிய ஈழத்தமிழர்கள், நகரைக் கொள்ளைநோயிலிருந்து காத்ததாக நம்பப்படும் சாந்தா ரொசலியாவின் குகைக் கோவிலுக்கு, சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமின்றிப் பெல்லெகிரீனோ மலையேறிப் போகிறார்கள். சந்தைக்குப் போனால் தமிழ்க் குரல் காதில் விழும். எங்கே நல்ல சாப்பாடு என்று அவர்களிடமே கேளுங்கள்.

குடிக்க என்ன?

இத்தாலியில் "கஃபே" என்றால் சின்னக் கோப்பையில் வரும் கடும் கோப்பிதான். மேடையில் நின்று குடித்தால் பெரும்பாலான ஊர்களில் ஒன்றரை யூரோவைத் தாண்டாது; மேசையில் இருந்தால் கூடும். கப்புச்சீனோ காலை உணவோடு மட்டும். சாப்பிட்டபின் பால் கோப்பி கேட்டால் தருவார்கள். உங்கள் வயிற்றை நினைத்துக் கவலைப்படுவார்கள்.

வைன் அங்கே உணவின் பகுதி. கியாந்தி வைன் பகுதியின் எல்லையைத் தொஸ்கானாப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ 1716இலேயே அறிவித்தார். விலைப்பட்டியலில் உள்ள போத்தல் வேண்டாம் என்றால், அந்த வீட்டு வைனைக் கால் லீற்றர், அரை லீற்றர் என்று கேட்கலாம். மாலையில் வெனேத்தோவில் "ஸ்பிரித்ஸ்". பெயர், வைனில் தண்ணீர் கலந்து குடித்த ஆஸ்திரியர் காலத்தின் எச்சம். மது அருந்தாதவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. கசப்புத் தோடையில் செய்யும் "கினோத்தோ", எலுமிச்சை இனத்துப் பழத்தின் "செத்ராத்தா", தெற்கில் குளிர்ந்த பாதாம் பால், சிசிலியில் ஐஸ் "கிரனீத்தா" என்று நிறைய உண்டு.

சைவக்காரர் கவனத்துக்கு

மிலானில் ஓர் உணவகத்தில், சோறுதானே என்று நம்பி, சைவம் மட்டும் உண்ணும் அந்த அம்மாவுக்கு மஞ்சள் ரிசோத்தோ எடுத்துக் கொடுத்தோம். பாதி சாப்பிட்டபின்தான், மரபுப்படி அதில் மாட்டெலும்பு மச்சையும் இறைச்சிச் சாறும் சேரும் என்பதை அறிந்தோம். பிழை எமது, கேட்காமல் விட்டோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. அதனால் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

பார்மிஜானோ, பெக்கொரீனோ போன்ற மரபுச் சீஸ்கள் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறையவைக்கப்படுபவை. பெஸ்தோவிலும் இந்தச் சீஸ் உண்டு. ரோமாஞாவின் "பியதீனா" ரொட்டியில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம். ஒலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கும். தெற்கில் கீரைப் பாஸ்தாவில் நெத்தலி கரைந்திருக்கலாம். "சென்சா கார்னே, சென்சா பேஷே" என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். "ப்ரோதோ வெஜெத்தாலே?" என்றால் மரக்கறிச் சாறா என்று கேட்பது. இந்த இரண்டு வசனமும் போதும்.

மற்றபடி: மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டரைக்கும் இரண்டரைக்கும் இடையில்; இரவுச் சாப்பாடு ஏழரைக்குப் பின். இடையில் பல சமையலறைகள் பூட்டியிருக்கும். பாஸ்தாவோ சோறோ முதல் தட்டு. இறைச்சி, மீன் இரண்டாம் தட்டு. மரக்கறி தனியாகக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பில்லில் "கொபெர்த்தோ" என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருந்தால் அது ஏமாற்று அல்ல. மேசைக்கும் பாணுக்குமான வழக்கமான கட்டணம்.

சமையலறையின் பின்கதவு

1880க்கும் 1915க்கும் இடையில் ஏறத்தாழ 1 கோடி 30 இலட்சம் இத்தாலியர்கள் பிழைப்புத் தேடி நாட்டை விட்டுப் போனார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவிற்சர்லாந்தின் சுரங்கங்களையும் வீதிகளையும் கட்டியவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். 1970 யூன் 7இல், வெளிநாட்டவரின் தொகையைக் குறைத்து அவர்களை வெளியேற்ற வகைசெய்யும் சுவார்சன்பாக் பிரேரணை இங்கே வாக்கெடுப்புக்கு வந்தது. 54 வீதமானோர் எதிர்த்ததால் தோற்றது. ஆனால் 46 வீதமானோர் ஆதரித்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களின் பேச்சும், அவர்கள் வீட்டு உள்ளி மணமும் கேலிக்குரியவையாக இருந்தன. இன்றைக்குச் சுவிஸில் பீட்சா இல்லாத கிராமம் உண்டா?

எங்கள் வீட்டுக் கறி மணத்துக்காகக் கோடைகாலத்திலும் யன்னலைப் பூட்டிய காலம் எமக்கும் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் புட்டுக் கொண்டுபோக வெட்கப்பட்ட பிள்ளைகள் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். இத்தாலியர்கள் எமக்குக் கற்றுத் தருவது இதுதான்: ஏழைச் சாப்பாடு என்று எதையும் ஒளிக்கவில்லை. காய்ந்த பாணையும், குடலையும், சோளக் களியையும் ஊர்ப் பெயர் சொல்லி மேசையில் வைத்தார்கள். ஆர்துசிக்குக் கடிதம் எழுதிய வீட்டுப் பெண்களைப்போல் எழுதியும் வைத்தார்கள்.

ஒடியல் கூழுக்கு எந்த ஊரில் என்ன மீன் போடுவார்கள், எள்ளுப்பாகை எந்தப் பதத்தில் இறக்குவார்கள் என்பதெல்லாம் இன்னும் எங்கள் அம்மாக்களின் நினைவில்தான் இருக்கின்றன. இத்தாலிக்குப் போகும் ரயிலில் மூன்றரை மணித்தியாலம் கிடைக்கும். பக்கத்தில் அம்மா இருந்தால், ஒரு கொப்பியையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.